சுத்தம் செய்யப்பட்ட ரூபாய்கள்

ஒருவர் எழுதியதை இன்னொருவர் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டிருந்தால் அதை நம்பலாம். ரயில்வே கணக்குப் பிரிவில் நான் கற்றுக்கொண்டது அது. ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் புத்தி போகவில்லை. மருந்துக்கடையில் மாத்திரைகளை எண்ணிப் பார்க்காமல் நகரமாட்டேன். ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருக் கடைக்காரர் என்னைக் கண்டாலே தாமாகச் சத்தம் போட்டு எண்ண ஆரம்பித்துவிடுவார்.

பழைய காசுகள் சேர்க்கத் தொடங்கியபோது எனக்கு இருந்த பெரிய பயம், கையில் இருப்பது அசலா போலியா என்பதுதான். கண்ணையும் நம்ப முடியவில்லை, விற்பவரையும் நம்ப முடியவில்லை. அந்தச் சமயத்தில்தான் பெட்டியில் வரும் காசுகளைப் பார்த்தேன். தரம் பார்க்கும் நிறுவனத்தார் காசைச் சோதித்து, திறக்க முடியாத பிளாஸ்டிக் பெட்டிக்குள் ஒட்டி, மேலே ஒரு சீட்டு வைத்திருப்பார்கள். அந்தச் சீட்டில் காசின் தரமும், எழுபதுக்கு இத்தனை என்று மதிப்பெண்ணும் இருக்கும். எனக்கு அது தணிக்கை முடிந்து வந்த கோப்பைப் போலத் தெரிந்தது. இனிமேல் பயமில்லை என்று நினைத்தேன்.

கன்டோன்மென்ட் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் காசுக் கண்காட்சி நடந்தது. அங்கே ராணி தலை போட்ட வெள்ளி ரூபாய் ஒன்று பெட்டிக்குள் பளபளவென்று இருந்தது. சீட்டில், ஏறக்குறையப் புழங்காத காசு என்று தரம் எழுதியிருந்தது. மதிப்பெண் மட்டும் இல்லை. அந்த இடத்தில் ‘சுத்தம் செய்யப்பட்டது’ என்று ஆங்கிலத்தில் சின்ன எழுத்தில் போட்டிருந்தது. கையோடு வைத்திருந்த காசு விலைப் புத்தகத்தைப் புரட்டினேன். அந்தத் தரத்துக்குப் போட்டிருந்ததைவிட மூன்றில் ஒரு பங்கு குறைத்துச் சொன்னார் விற்றவர்.

“ஏங்க இவ்வளவு கம்மி?” என்று கேட்டேன்.

“எல்லாம் சீட்டுல எழுதியிருக்கு சார். பார்த்துட்டு வாங்குங்க.”

பார்த்தேன். சுத்தம் செய்தது நல்லதுதானே என்று பட்டது. எங்கள் வீட்டில் வியாழக்கிழமை ஆனால் என் மனைவி வெள்ளி விளக்கையும் குங்குமச் சிமிழையும் பல்பொடி போட்டுத் தேய்த்து வைத்துவிடுவாள். கறுத்த வெள்ளியைச் சுவாமிக்கு முன்னால் வைப்பது எங்கள் வீடுகளில் குறை. பெட்டியில் போடுவதற்கு முன்னால் நிறுவனத்தார் மரியாதையாகத் துடைத்திருக்கிறார்கள் என்றே எடுத்துக்கொண்டேன்.

அந்த ரூபாயைச் சம்பந்தியின் அறுபதாம் கல்யாணத்துக்குப் பரிசாகக் கொடுத்தேன். என் மகளின் மாமனார். ஜீயபுரத்தில் வாழை போடுகிறவர். பட்டு வேட்டியும் மாலையுமாக உட்கார்ந்திருந்தவர், பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இதுல என்ன போட்டிருக்கு சம்பந்தி?”

“அசல்னு போட்டிருக்கு. நல்ல தரம்னு போட்டிருக்கு.”

“அட, மனுசனுக்கு இப்படி ஒரு சீட்டு குடுத்தா நல்லாருக்குமே,” என்று சிரித்தார். பக்கத்தில் இருந்த சம்பந்தியம்மாள், “உங்களுக்குக் குடுத்தா என்ன எழுதுவாங்களாம்?” என்று கேட்டாள். மேடையே சிரித்தது.

அன்றைக்குப் பிடித்தது அவருக்கு ஆசை. வாழைத்தார் விற்ற காசு கையில் வந்தால் ஒரு பெட்டி வாங்கிவிடுவார். எங்கள் இருவருக்கும் பொதுவான பேத்தி ஒருத்தி இருக்கிறாள். “நகை மாதிரிதான் சம்பந்தி இதுவும். புள்ள காலேஜுக்குப் போறப்ப எடுத்து வித்து, மொத வருசப் பணத்தை நான் கட்டுறேன். சொல்லிட்டேன்,” என்றார். அவர் மகன், என் மாப்பிள்ளை, வேண்டாம் என்றதற்கும் கேட்கவில்லை. நானும் தடுக்கவில்லை. சீட்டு ஒட்டிய சரக்கு, இதில் என்ன தவறு வரும் என்று இருந்துவிட்டேன். ஒவ்வொரு பெட்டி வாங்கியதும் எனக்குப் போன் வரும். “சம்பந்தி, இது உங்களதைவிடப் பளபளப்பு!”

இந்த வருஷம் பேத்திக்கு இன்ஜினியரிங் கல்லூரியில் இடம் கிடைத்தது. பணம் கட்டக் கெடு நெருங்கியது. சம்பந்தி ஒரு மஞ்சள் பையில் பெட்டிகளைப் போட்டுக்கொண்டு சத்திரம் பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கினார். மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு சந்தில் பழைய காசு வாங்கி விற்கும் பாயின் கடைக்கு இருவரும் நடந்தோம். எப்படியும் முழுப் பணமும் தேறிவிடும் என்று வழியெல்லாம் விலைப் புத்தகத்தை வைத்துக் கூட்டிக்கொண்டே வந்தேன்.

பாய்க்கு நாற்பது வயது இருக்கும். எங்களை உட்காரவைத்து டீ சொன்னார். பதினொரு பெட்டிகளையும் வரிசையாக அடுக்கிப் பார்த்துவிட்டு, நான்கு பெட்டிகளை இடப்பக்கமும் ஏழு பெட்டிகளை வலப்பக்கமும் நகர்த்தினார்.

“இந்த நாலுக்கும் நல்ல விலை தரேன். அந்த ஏழுக்கு வெள்ளி விலைக்கு மேல கொஞ்சம்தான் தர முடியும்.”

“ஏன் பாய்? அதுங்கதானே நல்லா மின்னுது?” என்றார் சம்பந்தி.

“அதான் குறையே. யாரோ தேய்ச்சிருக்காங்க. அச்சுல இருந்து வந்த மேல்தோல் போயிடுச்சு. வெளிச்சத்துல சாய்ச்சுப் பாருங்க, கோடு கோடாத் தெரியும்.”

சாய்த்துப் பார்த்தோம். தெரிந்தது. ஒருமுறை தெரிந்த பிறகு அந்தக் கோடுகளைத் தவிர வேறெதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை.

“அப்போ சீட்டுல இந்தத் தரம்னு போட்டிருக்கிறது?” என்று நான் புத்தகத்தை நீட்டினேன். என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

“தரம் சரிதான் ஐயா. கை மாறிப் புழங்கி எவ்வளவு தேஞ்சிருக்குங்கறதுதான் அந்தத் தரம். யாரோ தேய்ச்சுக் கெடுத்ததால நம்பர் குடுக்கல. அசல்தான்னு மட்டும் சொல்லி, கெட்ட விஷயத்தையும் எழுதிட்டாங்க. உங்க புத்தகத்துல இருக்கிற விலை கெடாத காசுக்கு. புதுசா வர்றவங்க பாதிப் பேரு இப்படித்தான் வாங்கிட்டு வர்றாங்க. எங்க வீட்லயும் பெருநாளுக்கு முன்னாடி அம்மா எல்லாப் பாத்திரத்தையும் தேய்ப்பாங்க. பாத்திரத்துக்கு அது சரி. காசைத் தேய்ச்சா போச்சு.”

எழுதியவர்கள் பொய் எழுதவில்லை. விற்றவர்களும் பொய் சொல்லவில்லை. யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். வலப்பக்கத்து ஏழில் முதலாவதாக இருந்தது நான் கொடுத்த ரூபாய். சம்பந்தி அதைக் கவனித்தார். சட்டென்று கை நீட்டி அந்தப் பெட்டியை மட்டும் எடுத்து மஞ்சள் பையில் போட்டுக்கொண்டார்.

“இது விக்கிறதுக்கு இல்ல பாய். சும்மா உங்ககிட்ட காட்டலாம்னு கொண்டாந்தேன்.”

அவர் என் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

பத்துப் பெட்டிகளையும் விற்றார். மொத்தமாக வந்தது கட்டவேண்டிய பணத்தில் பாதிக்கும் கீழே. வெளியே வந்ததும், மீதியை என் பென்ஷன் கணக்கிலிருந்து எடுத்துத் தருகிறேன் என்றேன்.

“சொன்னது நான், சம்பந்தி. நான்தான் கட்டணும்.”

“ரெண்டு பேருக்கும்தானே பேத்தி?”

“ரெண்டாவது வருசம் நீங்க கட்டுங்க. உங்களை யாரு வேணாம்னா?” என்று சிரித்தார். சிரிப்பு வாயோடு நின்றது.

அந்த வாரமே அவர் காந்தி மார்க்கெட் வியாபாரி ஒருவரிடம் இரண்டு கொல்லை வாழையைத் தார் முற்றுவதற்கு முன்பே மொத்தமாகப் பேசிக் கொடுத்துவிட்டார் என்று மகள் போனில் சொன்னாள். இன்னும் இரண்டு மாதம் பொறுத்திருந்தால் ஒன்றரை மடங்கு கிடைத்திருக்கும். பணம் கெடுவுக்குள் கட்டியாயிற்று. பேத்தி கல்லூரிக்குப் போகிறாள். பணம் எதிலிருந்து வந்தது என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

அடுத்த இரண்டு மாதமும் பாயிடம் நான் மட்டும் மறுபடி மறுபடி போனேன். வெளிச்சத்தில் எப்படிச் சாய்ப்பது, தேய்த்த வெள்ளியின் மினுக்குக்கும் அச்சின் மினுக்குக்கும் என்ன வித்தியாசம் என்றெல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். இனி ஏமாறமாட்டேன். அந்தத் தெம்பில், சம்பந்திக்கும் சொல்லிக்கொடுத்து மறுபடி தொடங்கவைக்கலாம் என்று மதிப்பெண் போட்ட நல்ல ரூபாய் ஒன்றை வாங்கிக்கொண்டு ஜீயபுரம் போனேன்.

கொல்லையில் வியாபாரியின் ஆட்கள் தார் வெட்டிக்கொண்டிருந்தார்கள். வேறு யாருடைய வாழையையோ பார்ப்பதுபோலச் சம்பந்தி வரப்பில் நின்றிருந்தார். பெட்டியைக் கொடுத்தேன். வாங்கி, மரியாதைக்கு ஒருமுறை பார்த்தார். பிறகு வெயிலுக்கு நேராகப் பிடித்து, இப்படியும் அப்படியும் சாய்த்தார். வெகுநேரம் சாய்த்தார்.

“இதுல ஒண்ணும் இல்ல சம்பந்தி, சுத்தமான காசு. பாய் பார்த்துட்டார், நானும் பார்த்துட்டேன்,” என்றேன்.

“தெரியுது, நல்ல காசுதான்,” என்று திருப்பி என் கையில் வைத்தார். “ஆனா எனக்கு வேணாங்க. முன்னெல்லாம் எடுத்துப் பார்த்தா ராணி மூஞ்சி தெரியும், பின்னால பூவேலை தெரியும். இப்ப எதை எடுத்தாலும் கண்ணு கோட்டைத்தான் தேடுது. வாங்க, சாப்பிட்டுட்டுப் போகலாம்.”

வரப்பில் அவர் முன்னால் நடந்தார். வெட்டுக்காரர் ஒருவர் இப்போது நன்றாக முற்றியிருந்த தாரைத் தோளில் வைத்துக்கொண்டு எதிரே வர, சம்பந்தி வழிவிட்டு ஒதுங்கி நின்றார்.