ஆறாம் ஸ்தலத்தில் நின்றுபோன குரல்

கோயிலில் சாட்சி சொல்ல வருகிறவர்கள் தங்களுக்கு வந்த துன்பத்தைச் சொல்வார்கள். எனக்குத் துன்பம் எதுவும் வரவில்லை. பயம் மட்டும்தான் வந்தது. அந்தப் பயத்துக்கான தண்டனையை இன்னொருவர் அனுபவித்தார். அதைச் சொல்லத்தான் ஃபாதரிடம் அனுமதி கேட்டு இங்கே நிற்கிறேன்.

என் பெயர் ஆரோக்கியராஜ். தாம்பரத்தில் சின்னதாக ஒரு போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். உங்களில் பல பேர் வீட்டுப் பிள்ளைகளின் புதுநன்மை விழாவுக்கும் கல்யாணத்துக்கும் நான்தான் படம் எடுத்தேன். போலீஸுக்கும் எடுப்பேன் என்பது நிறைய பேருக்குத் தெரியாது. மறியல், ஊர்வலம் என்றால் ஸ்டேஷனிலிருந்து கூப்பிடுவார்கள். வீடியோ எடுத்து, மெமரி கார்டை அவர்களிடமே கொடுத்துவிட்டு வர வேண்டும்.

முந்தின வருஷம் மழைக்காலம். எங்கள் ஏரியில் லாரி லாரியாகக் குப்பை கொட்டிக்கொண்டிருந்தார்கள். மழை பெய்ததும் அந்தத் தண்ணீர் தெருவுக்குள் வந்தது. வீட்டுக்கு வீடு காய்ச்சல், வாந்தி. மனு கொடுத்து அலுத்துப்போய், ஒருநாள் காலையில் பெண்கள் லாரிகளை மறித்து ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். முதல் வரிசையில் ஜெசிந்தா. வீட்டிலேயே தையல் வேலை செய்கிறவர். தெருக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கும் எங்கள் அன்பியத்தின் பொறுப்பாளர். அவருக்கென்று இருந்தது வயதான அம்மா மட்டும்தான்.

நான் போலீஸ் பக்கம் கேமராவோடு நின்றேன். என்னைப் பார்த்து ஜெசிந்தா சிரித்தார்.

"அண்ணா, நல்லா எடுங்க. நாங்க ஒண்ணும் தப்பு பண்ணலன்னு எல்லாரும் பாக்கட்டும்."

கொஞ்ச நேரத்தில் லத்தியடி ஆரம்பமானது. பெண்கள் சிதறி ஓடினார்கள். அந்த அமளியில் ஒரு சப்-இன்ஸ்பெக்டர் லாரிப் படியில் ஏறப்போய், சேற்றுக்கால் வழுக்கி விழுந்தார். லாரியின் இரும்பு விளிம்பு நெற்றியைக் கிழித்தது. முகமெல்லாம் ரத்தம். ஓடிக்கொண்டிருந்த ஜெசிந்தா திரும்பி வந்தார். துப்பட்டாவைச் சுருட்டி அவர் நெற்றியில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, "தண்ணி கொண்டாங்க, யாராவது தண்ணி கொண்டாங்க" என்று கத்தினார். அத்தனையும் என் கேமராவில் பதிந்தது.

சாயங்காலம் இன்ஸ்பெக்டர் கார்டை வாங்கிப் போட்டுப் பார்த்தார். பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"வேற காப்பி இருக்கா?"

"இல்ல சார்."

"இன்னிக்கு நீ அங்க வரவே இல்ல. கடை நடத்தணும் இல்ல?"

"சரி சார்."

ஜெசிந்தா கல்லால் அடித்து சப்-இன்ஸ்பெக்டரைக் கொல்லப் பார்த்தார் என்று வழக்கு எழுதிச் சிறையில் போட்டார்கள். கூடப் பிடிபட்ட மூன்று பெண்கள் சில வாரங்களில் ஜாமீனில் வந்தார்கள். ஜெசிந்தா மீது மட்டும் குண்டர் சட்டம் போட்டார்கள். தையல் மிஷினைத் தவிர வேறெதையும் மிதிக்கத் தெரியாத பெண் குண்டராம். அடிபட்ட சப்-இன்ஸ்பெக்டர் உண்மையைச் சொல்லவில்லை. நடந்ததைக் கண்ணால் பார்த்த பெண்கள் சொல்லத்தான் செய்தார்கள். அவர்கள் மீதும் வழக்கு இருந்ததால் அவர்கள் பேச்சு எடுபடவில்லை.

நான் இன்ஸ்பெக்டரிடம் சொன்னது பொய். என் கேமராவில் இரண்டு கார்டு உண்டு. எடுப்பது இரண்டிலும் பதியும். ஒன்றுதான் ஸ்டேஷனுக்குப் போனது. மற்றதை அழித்துவிடலாம் என்று வீட்டுக்கு வந்ததும் கம்ப்யூட்டரில் போட்டேன். கார்டு திறக்கவே இல்லை. கெட்டுவிட்டது என்று ஒரு டப்பாவில் தூக்கிப் போட்டேன். அப்பாடா என்று இருந்தது. அதற்காக ஆண்டவருக்கு நன்றிகூடச் சொன்னேன். இப்போது நினைத்தால் கூசுகிறது.

அதன் பிறகு தினமும் ஜெபமாலை சொன்னேன். என் பெயர் வெளியே வரக் கூடாது, அது ஒன்றுதான் என் வேண்டுதல். ஜெசிந்தாவுக்காக ஒரு அருள்நிறை மந்திரம்கூடச் சொல்லவில்லை. யாரும் என்னைத் தேடி வரவில்லை. மாதா என் ஜெபத்தைக் கேட்டுவிட்டார்கள் என்றே நம்பினேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் ஜெசிந்தாவின் அம்மா இறந்துபோனார். கடைசி இரண்டு நாள், "எம்பொண்ணு வந்துட்டாளா?" என்று வாசலைக் காட்டிக் காட்டிக் கேட்டாராம். படம் எடுக்க அன்பியத்தில் என்னைத்தான் கூப்பிட்டார்கள். போலீஸ் காவலோடு ஜெசிந்தாவை ஒரு மணி நேரத்துக்கு அழைத்து வந்தார்கள். அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். கிளம்பும்போது என்னிடம் வந்தார்.

"அண்ணா, அம்மா முகத்த நல்லா எடுத்து வைங்க. வெளிய வந்தா நான் பாக்கணும்."

எடுத்தேன். என் கை நடுங்கவில்லை. அதுதான் இன்றைக்கும் என்னை வதைக்கிறது.

தவக்காலம் வந்தது. வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை, ஆண்டவர் சிலுவை சுமந்த வழியைப் பதினான்கு ஸ்தலங்களில் நின்று தியானிக்கும் ஜெபம். ஒவ்வொரு ஸ்தலத்தையும் ஒரு குடும்பம் வாசிக்கும். எங்களுக்கு ஆறாவது. வெரோணிக்கம்மாள் கூட்டத்தையும் சிப்பாய்களையும் தாண்டி வந்து, ஆண்டவரின் ரத்தம் வடியும் முகத்தைத் துடைத்த ஸ்தலம். பாதி வாசித்தேன். லாரியும், சேறும், அந்தத் துப்பட்டாவும் கண்முன்னால் வந்தன. குரல் நின்றுபோனது. என் மனைவி ஸ்டெல்லா புத்தகத்தை வாங்கி மீதியை வாசித்தாள்.

எல்லோரும் போன பிறகு, கோயில் பெஞ்சிலேயே அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"இத்தன நாளா என் பக்கத்துல உக்காந்துதான ஜெபமால சொன்னீங்க" என்றாள். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

அங்கேயே முழந்தாளிட்டேன். "ஆண்டவரே, என்னை மறைத்தது போதும். எனக்குத் தைரியம் இல்லை. நீரே கொடும்" என்று அழுதேன். அத்தனை மாதத்தில் நான் உண்மையாகச் சொன்ன ஜெபம் அது ஒன்றுதான்.

பயம் போய்விட்டது என்று சொன்னால் அதுவும் பொய்யாகிவிடும். மறுநாள் காலையில் வாய் உலர்ந்துதான் வீட்டை விட்டு இறங்கினேன். ஆனால் கால் நிற்காமல் நடந்தது. ஸ்டெல்லா கூடவே வந்தாள். கெட்டுப்போன கார்டை ரயில்வே ஸ்டேஷன் ரோட்டில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் ஒரு தம்பியிடம் கொடுத்தோம். இரண்டு நாள் பொறுத்து அவர் கூப்பிட்டார்.

"எல்லாம் வந்துருச்சு சார். நல்லவேள கார்டு கெட்டுச்சு. இல்லன்னா நீங்களே அது மேல வேற எதையாவது எடுத்து அழிச்சிருப்பீங்க."

நான் அழிக்க நினைத்ததை ஆண்டவர் பூட்டி வைத்திருந்தார். நான் கேட்பதற்கு முன்பே பதில் என் வீட்டு டப்பாவில் இருந்திருக்கிறது.

ஜெசிந்தாவின் வழக்கை நடத்தியவர் வக்கீலுக்குப் படித்த ஒரு மடத்து சிஸ்டர். வீடியோவைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "உங்க பேர்ல வாக்குமூலம் போடணும். தொந்தரவு வரும். பரவால்லயா?" என்று கேட்டார். "வரட்டும் சிஸ்டர்" என்றேன்.

வந்தது. ஸ்டுடியோவில் சோதனை போட்டார்கள். இரண்டு கேமராவை எடுத்துக்கொண்டு போனார்கள். பக்கத்துக் கடைக்காரர்கள் என்னோடு நின்று பேசவே தயங்கினார்கள். ஆனாலும் அந்த வீடியோ நீதிமன்றம் வரை போனது. குண்டர் சட்டம் ரத்தானது, கொலை முயற்சி வழக்கிலும் ஜாமீன் கிடைத்தது. ஈஸ்டர் முடிந்த வாரத்தில் ஜெசிந்தா வீட்டுக்கு வந்தார்.

அம்மாவின் படத்தை எடுத்துக்கொண்டு நானும் ஸ்டெல்லாவும் போனோம். ஜெசிந்தா படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"இத எடுக்கறப்பவே உங்களுக்கு எல்லாம் தெரியும் இல்லண்ணா?"

"தெரியும்மா."

அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். மன்னித்தேன் என்று இதுவரை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அதைக் கேட்கும் உரிமை எனக்கு இல்லை. ஆனால் அன்பியக் கூட்டத்தில் மன்றாட்டு சொல்லும்போது என் குடும்பத்தின் பெயரை அவர் விடுவதில்லை. அதுவே எனக்குப் பெரிய கிருபை.

இப்போது நான் போலீஸுக்குப் படம் எடுப்பதில்லை. குப்பை லாரியை மறிக்கப் பெண்கள் உட்காரும்போது, அவர்கள் பக்கம் நானும் உட்காருகிறேன். பயந்துகொண்டேதான் உட்காருகிறேன்.

சகோதர சகோதரிகளே, அநியாயத்தைக் கண்ணால் பார்த்தவர்கள் இந்தக் கூட்டத்திலும் இருப்பீர்கள். ஒரு காகிதமோ படமோ உங்களிடம் இருக்கலாம். தைரியம் தானாக வரும் என்று காத்திருக்காதீர்கள். ஆண்டவரிடம் கேளுங்கள், இன்றைக்கே கேளுங்கள். எனக்குக் கொடுத்தவர் உங்களுக்கும் கொடுப்பார். அவர் ஒருநாளும் தாமதிக்கவில்லை. கேட்பதற்கு எனக்குத்தான் ஐந்து மாதம் ஆனது. அதற்குள் ஒரு தாய், மகள் வந்துவிட்டாளா என்று கேட்டுக்கொண்டே கண்ணை மூடிவிட்டார்.