செவ்வாய்க்கிழமைக்கு ஒரு வீடு

நாங்கள் குடியிருக்கும் மலையாளத்து ஊரில் பலா இலையைக் கரண்டியாக்கிக் கஞ்சி குடிக்கிறார்கள். இலையைக் கழுவி, கூம்பாக மடக்கி, ஓர் ஈர்க்கால் குத்திவிட்டால் கரண்டி தயார். குடித்து முடித்ததும் எறிந்துவிடலாம். சாலை என்கிற பெரிய கடைவீதியில் என் வீட்டுக்காரர் பித்தளைக் கரண்டிகளை வரிசையாகத் தொங்கவிட்டுக்கொண்டு ஆள் வருமா என்று பார்த்திருக்க, அடுத்த வீட்டுக் கார்த்தியாயனியம்மா கொல்லையில் குனிந்து இலை பொறுக்குவாள். பாத்திரக்கடைக்காரன் பெண்டாட்டிக்கு எரிச்சல் வருமா, வராதா? அதைவிட ஆச்சரியம், உடம்புக்கு ஒன்றுமில்லாதவர்கள்கூட அங்கே தினமும் அரிசிக் கஞ்சி குடிப்பது. எங்கள் கோவில்பட்டியில் ஒரு வீட்டில் அரிசிக் கஞ்சி வைத்தால், யாருக்குக் காய்ச்சல் என்று விசாரித்துக்கொண்டு தெருவே வந்துவிடும்.

கஞ்சி நம்முடையது இல்லை என்று பதினோரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். போன வருஷம் அந்தப் பேச்சை நிறுத்தவேண்டி வந்தது. ஊரில் இருக்கும் உங்களுக்கும், என்னைப்போல் மலை தாண்டிப் போய்க் குடியிருப்பவர்களுக்கும் அதைத்தான் எழுதுகிறேன்.

சாலைக்குப் பின்னால் நாங்கள் திருநெல்வேலிக்காரர்கள் பத்துப் பன்னிரண்டு குடும்பம். ஏழைப் பிள்ளை யாராவது காலேஜில் படிக்க வந்தால் ஏழு வீடுகள் ஆளுக்கு ஒரு கிழமை எடுத்துக்கொள்வோம். இது வாரச் சாப்பாடு. காலையில் காலேஜுக்குப் போகும்முன் சோறு, விளக்கு வைத்ததும் பலகாரம். இதற்கு எழுதாத சட்டங்கள் உண்டு. பிள்ளை படியேறும்முன் இலை போட்டிருக்க வேண்டும். போதுமா என்று கேட்கக்கூடாது, பரிமாறிக்கொண்டே இருக்க வேண்டும். மற்ற நாட்களில் யார் வீடு என்று விசாரிக்கவே கூடாது, ஏனென்றால் அது அவனை எண்ணிப் பார்ப்பதுபோல் ஆகிவிடும். செங்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்த சங்கரலிங்கத்துக்கு எங்கள் வீடு வியாழக்கிழமை. தபால்காரர் மகன், ரசாயனம் படிக்கிறான். படுக்கை ஓர் அரிசிக்கடைக் கிட்டங்கியின் மச்சில், சாக்குக் கட்டுகளுக்கு நடுவே.

போன வருஷம் தைமாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. பொங்கல் வைத்த பானை அடுப்பிலிருந்து இறங்குகிற நேரத்தில் அவன் தெருவோடு போனான். கூப்பிட்டேன். "இன்னைக்கு வேண்டாம் அத்தை, செவ்வாய் விரதம்" என்றான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. இந்த வயதில் முருகனுக்கு விரதம் இருக்கிற பிள்ளை! தெருவெல்லாம் சொன்னேன். என் மகனை நிற்கவைத்து, "சங்கரலிங்கத்தைப் பாத்துப் படில" என்று ஏசினேன். கேட்ட வீடுகளிலும் எல்லோருக்கும் அவன்மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது.

மாசியில் மீனாட்சி மதினியிடமிருந்து கடிதம் வந்தது. யுத்தத்துக்குப் பயந்து புரட்டாசியிலேயே அம்பாசமுத்திரத்துக்குப் போய்விட்டவள். நலமெல்லாம் எழுதிவிட்டு ஓரத்தில் கேட்டிருந்தாள்: "என் செவ்வாய்க்கிழமைப் பிள்ளைக்கு இப்போ யாரு சோறு போடுதா?" கடிதத்தை வைத்துக்கொண்டு அடுக்களையில் உட்கார்ந்துவிட்டேன். யாரோ எடுத்திருப்பார்கள் என்று நானும் நினைத்தேன், மற்ற ஐந்து வீடும் நினைத்தது. கேட்கக்கூடாது என்ற நம் நாகரிகம் ஒரு பிள்ளையை ஐந்து மாதம் வாரத்துக்கு ஒருநாள் பட்டினி போட்டிருக்கிறது. அதை நான் பக்தி என்று ஊர் முழுக்கக் கொண்டாடியிருக்கிறேன்.

வியாழக்கிழமை இலைமுன் அவனைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏம்ப்பா சொல்லல?"

"விரதம்னு சொன்னா யாரும் மேக்கொண்டு கேக்கமாட்டாங்க அத்தை."

"இனிமே செவ்வாயும் இங்கயே வா."

"வேண்டாம் அத்தை. ஒரு வீட்டுக்கு ஒரு நாளுதான். அதுக்கு மேல வந்தா பாரம். ரேஷன்ல அத்தைக்கே அளந்துதான் வருது." சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான்: "சனிக்கிழமை வீட்லயும் அரிசி பத்தலைன்னு பேசிக்கிட்டாங்க. நான் ஊருக்குப் போயிரலாம்னு இருக்கேன். படிப்பு ஏறல."

படிப்பு ஏறல. இந்த வார்த்தையை நான் முன்பே கேட்டிருக்கிறேன். எனக்குப் பன்னிரண்டு வயதாக இருக்கும்போது, பாளையங்கோட்டையில் வாரச் சாப்பாடு சாப்பிட்டுக் காலேஜில் படித்துக்கொண்டிருந்த என் அண்ணன் ஒரு நாள் தகரப்பெட்டியோடு வாசலில் வந்து நின்றான். அப்பா ஏன் என்று கேட்டார். "படிப்பு ஏறல" என்றான். கணக்கில் வகுப்புக்கே முதலாக நின்ற பிள்ளை. நாங்கள் நம்பினோம். இரண்டு கிழமைகளுக்கு வீடு இல்லாமல் போனது என்று பல வருஷம் கழித்து, யாரோ சொல்லித்தான் தெரிந்தது. அண்ணன் வாயால் அதைச் சொன்னதே இல்லை. இன்றைக்கும் அவன் பருத்தி ஆலையில் பொதி நிறுக்கிறான். இன்னொரு தகரப்பெட்டி என் கண்ணெதிரே ரயிலேறப் போவதில்லை என்று அந்த வியாழக்கிழமையே முடிவுகட்டிவிட்டேன்.

பங்குனிப் பரீட்சைக்கு ஆறு வாரம் இருந்தது. சனிக்கிழமை வீட்டுக்கு முதலில் போய், அந்தம்மாள் "சரி, போடுதேன் தாயே" என்று சொல்லும்வரை எழுந்திருக்கவில்லை. செவ்வாய்தான் கிடைக்கவில்லை. நம் தெருக்களில் நான் ஏறாத படி இல்லை. பர்மா அரிசி நின்றுபோன காலம், யாரைக் குறை சொல்ல? ஒருத்தி காலி அரிசிப்பானையைக் கவிழ்த்தே காட்டினாள். ஒருத்தி, "விரதம் நல்லதுதானே கோமதி, அதை ஏன் கெடுக்க?" என்றாள். அவளோடு நான் இன்றுவரை பேசுவதில்லை. அவன் பெயர் ஊரில் அப்பாவின் ரேஷன் கார்டில் இருக்கிறது, அதைச் சாலைக்கு மாற்ற எழுதிப்போட்ட மனு எந்த மேஜையில் தூங்குகிறதோ தெரியவில்லை. "நீ என்ன ஓட்டுக் கேக்கவா போற?" என்று என் வீட்டுக்காரர் கேலி செய்தார். செய்யட்டும் என்று மறுநாளும் செருப்பை மாட்டினேன்.

நாலாம் நாள் களைத்துத் திரும்பியபோது கார்த்தியாயனியம்மா என் அடுக்களை வாசலில் நின்றாள். கையில் ஒரு சட்டி நிறைய வெந்த மரவள்ளிக் கிழங்கு.

"கோமதீ, அரி தீர்ந்நு போயி, அல்லே? நாணிக்கண்டா. குட்டிகள்க்கு கொடுக்கூ."

வெட்கப்படாதே, பிள்ளைகளுக்குக் கொடு என்கிறாள். அரிசி தீர்ந்துபோய் நான் வீடு வீடாகக் கையேந்துகிறேன் என்று நினைத்துவிட்டாள்! எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "எங்க வீட்ல அரிசிக்கு ஒண்ணும் குறைவில்ல அக்கா" என்று சட்டியைத் திருப்பி நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"பின்னே எந்தினா ஈ வீடு வீடாயிட்டு நடக்குந்நது?" பிறகு ஏன் வீடு வீடாக நடக்கிறாய் என்று கேட்டாள்.

சொன்னேன். என் அரைகுறை மலையாளத்தில் கிழங்கையும் கிழமையையும் அண்ணனையும் சேர்த்துக் குழப்பி, கடைசியில் அழுதுகொண்டே சொன்னேன். கேட்டுவிட்டு அவள் என் கையிலிருந்த சட்டியை வாங்கிக் கீழே வைத்தாள். முகம் மாறிவிட்டது.

"எல்லா வாதிலிலும் முட்டி. என்றெ வாதிலில் மாத்ரம் முட்டியில்ல."

எல்லாக் கதவையும் தட்டினாய், என் கதவை மட்டும் தட்டவில்லை. நடுவில் இடுப்புயரச் சுவர்தான். பதினோரு வருஷமாக அதன்மேல் கறிவேப்பிலை கை மாறியிருக்கிறது, என் பிரசவத்துக்கு அவள்தான் வெந்நீர் வைத்தாள். நம் பிள்ளைக்கு நம் வீடுகளில்தான் சோறு என்று ஒரு நினைப்பு. அப்படி நினைத்தேன் என்பதே எனக்கு அதுவரை தெரியாது.

"அவன் சைவம் அக்கா" என்றேன், வேறு எதுவும் சொல்லத் தோன்றாமல்.

"சொவ்வாழ்ச்ச ஞான் மீன் வாங்ஙில்ல." செவ்வாயன்று மீன் வாங்கமாட்டேன் என்கிறாள்.

"அரிசி?"

"கஞ்ஞியல்லே? வெள்ளம் இச்சிரி கூட்டியால் மதி." கஞ்சிதானே, தண்ணீர் கொஞ்சம் கூட்டினால் போதுமாம்.

சங்கரலிங்கத்தைச் சம்மதிக்க வைப்பது எளிதாக இல்லை. இரண்டு வீட்டுக்காரர்கள், மலையாளத்தார் வீட்டில் சாப்பிட்டுவிட்டு நம் வீட்டுக்குள் எப்படி வருவான் என்று கிளப்பினார்கள். நான் போய், "வியாழன் எங்க வீடு, எங்க வீட்டுக்குள்ள வருவான். உங்க கிழமை வேண்டாம்னா இப்பவே சொல்லுங்க" என்றேன். ஒருவரும் சொல்லவில்லை. பிள்ளையிடம், "ஒரு வீட்டுக்கு ஒரு நாள்னு சட்டம் சொன்னியே, இதுவும் ஒரு வீடுதான்" என்றேன். "சரி, போறேன் அத்தை" என்றான்.

முதல் செவ்வாய் சுவரருகில் துணி உலர்த்துகிற சாக்கில் நின்றேன். விழிஞ்ஞத்து மீன்காரி வழக்கம்போல் கூடையை இறக்கப் போனாள். "இந்நு வேண்டா, சொவ்வாழ்ச்சயல்லே" என்று கார்த்தியாயனியம்மா கையசைத்தாள். சங்கரலிங்கம் பலா இலையைத் தலைகீழாகப் பிடித்துக் கஞ்சியைச் சட்டையில் கொட்டிக்கொண்டான். அவள் சிரித்தபடி இலையைத் திருப்பிக் கொடுத்தாள். அப்புறம் பயறும் சுட்ட பப்படமும் வைத்தாள், நிறுத்தாமல் ஊற்றிக்கொண்டே இருந்தாள். போதுமா என்று ஒரு தடவைகூட கேட்கவில்லை. அந்தச் சட்டத்தை அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

அவன் பரீட்சை எழுதினான், தேறினான். ஆனியில் இன்னொரு பிள்ளை தகரப்பெட்டியோடு வந்தபோது நான் முதலில் தட்டியது கார்த்தியாயனியம்மா கதவை. பூதப்பாண்டிப் பையன், அவனுக்கும் செவ்வாய் அவள்தான், வியாழன் நாங்கள்.

இதைக் கோவில்பட்டியில் அண்ணன் வீட்டிலிருந்து எழுதுகிறேன். அவனுக்குக் காய்ச்சல் என்று தந்தி வந்தது, ஓடிவந்தேன். இன்று காலை அரிசிக் கஞ்சி வைத்து இறக்கியதும் என் கால் தானாகக் கொல்லைக்குப் போயிற்று. அங்கே இருப்பது ஒரே ஒரு வேப்பமரம், இந்தக் கரிசலில் பலா இலைக்கு எங்கே போக? ஒரு பித்தளைக் கரண்டியைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். சங்கரலிங்கத்தைப் பற்றி அண்ணனுக்கு எப்போதோ எழுதியிருந்தேன். பதில் வந்ததில்லை.

"அந்தப் பிள்ள பரீச்ச எழுதிட்டானா?" என்றான், கண்ணை மூடிக்கொண்டே.

"எழுதிட்டாண்ணே. பாஸ்."

அவன் கஞ்சியை முழுக்கக் குடித்தான். கிண்ணத்தை வாங்கப்போன என் கையை விடவில்லை.

"எனக்குப் புதனுக்கும் சனிக்கும் வீடு இல்ல கோமதி" என்றான்.

இன்று புதன்கிழமை. மறுபடி கிண்ணத்தை நிறைத்து அவன் பக்கத்தில் வைத்திருக்கிறேன். நாளை வியாழன். பூதப்பாண்டிப் பிள்ளை சாலையில் எங்கள் வீட்டுப் படியேறும்முன் இலை போட வேண்டும், நான் இங்கே இருக்கிறேன். கார்த்தியாயனியம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் வந்திருக்கிறேன்.