செத்தவனுக்குத் திறந்த கதவு

கருங்காளை விடுதிக்கு நல்ல காலம் ஒன்று இருந்தது என்றால் அந்த ஊர் இளவட்டங்களே நம்ப மாட்டார்கள். விடுதிக்காரி கெசியா அங்கே பிறந்தபோது வேல்ஸ் மலையிலிருந்து மாட்டு மந்தைகள் அந்த வழியாகத்தான் லண்டன் சந்தைக்கு நடக்கும். மாட்டுக்கு லாடம் அடிக்கவும் ஓட்டி வருகிறவர்கள் தொண்டை நனைக்கவும் வேறு போக்கிடம் கிடையாது. அவள் வளர்ந்து ஆளானபோது பயண வண்டிகள் வந்தன. பெரிய மனிதர்கள் அவள் சமைத்த ஆட்டிறைச்சியைக் குறை சொல்லிக்கொண்டே இன்னொரு தட்டு கேட்டார்கள். அப்புறம் ரயில் வந்தது. வந்ததும் சரி, ஆறு மைல் தள்ளி வந்தது. மந்தையும் போயிற்று, வண்டியும் போயிற்று. குதிரை லாயத்தில் கோழி மேய்ந்தது.

மிஞ்சியது உள்ளூர்க் குடிகாரர்களும் பிணங்களும்தான். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. சாலையில் நாதியற்றுச் செத்தவனை அருகிலிருக்கும் விடுதிக்குத் தூக்கி வருவதுதான் அங்கே வழக்கம். பின்கட்டில் கிடத்துவார்கள். விசாரணை அதிகாரி குதிரையில் வருவார். ஊர்க்காரர்கள் பன்னிரண்டு பேர் பிணத்தைப் பார்த்துவிட்டு, குடிக்கும் கூடத்தில் உட்கார்ந்து, எப்படிச் செத்தான் என்று தீர்ப்புச் சொல்வார்கள். தீர்ப்புச் சொன்ன தொண்டை காயாமல் இருக்குமா? ஒரு பிணம் வந்தால் கெசியாவுக்கு ஒரு வாரத்து வியாபாரம்.

அவளைக் கல்நெஞ்சுக்காரி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு வருஷம் காய்ச்சலோடு வந்த வழிப்போக்கனை உள்ளே விட்டாள். அவன் அம்மை வார்த்துப் பிழைத்து எழுந்து போனான். அது தொற்றிய அவள் புருஷன் பிழைக்கவில்லை. அடுத்த பனிக்காலத்தில், விளக்கேற்றும் நேரத்துக்கு, இன்னொருவன் வந்து நின்றான். முகம் சிவந்து கிடந்தது. இருமல் வேறு.

"ஒரு ராத்திரிக்கு இடம் வேணும்மா. காசு இருக்கு, பாருங்க."

"இடமில்லப்பா. எல்லாம் நிறைஞ்சு போச்சு."

மாடியில் ஈ, காக்கை கிடையாது. கூடத்தில் நாலு பேர் பீரோடு உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். கொல்லன் ஜேபஸ் மட்டும், "கதவ சாத்துங்கம்மா, குளிருது" என்றான்.

மறுநாள் சுண்ணாம்புக் காளவாய் பக்கம் பனியில் விறைத்துக் கிடந்தவனை, பக்கத்துக் கொட்டகைக் கதவைக் கழற்றி அதில் வைத்துத் தூக்கி வந்தார்கள். எங்கே? கருங்காளைக்குத்தான். உயிரோடு வந்தவனுக்கு இல்லாத இடம் பிணத்துக்கு உடனே கிடைத்தது. கெசியா தன் கையாலேயே அவன் முகத்தைத் துடைத்தாள். அம்மையுமில்லை, ஒன்றுமில்லை. வெறும் குளிரில் சிவந்த முகம்.

காசு வைத்திருந்த வழிப்போக்கனை விரட்டினாள் என்று தெரிந்தால் நீதிபதிகள் அந்த வருஷமே லைசென்ஸைப் பிடுங்கிவிடுவார்கள். லைசென்ஸ் போனால் வீடு போகும். வீடு போனால் ஏழைகளை அடைத்துவைக்கும் தரும விடுதிதான் கதி. அது இருக்கும் தெருப் பக்கம்கூட அவள் பயந்துகொண்டு போக மாட்டாள்.

"இவன் இங்க வந்தானாம்மா?" என்று கேட்டார் அதிகாரி.

"நான் பாக்கலீங்க ஐயா."

பன்னிரண்டு பேருக்கும் ஜேபஸ்தான் தலைவன். "எங்களுக்கும் தெரியாதுங்க" என்றான். கருங்காளை மூடிவிட்டால் அடுத்த பீருக்கு ஆறு மைல் நடக்க வேண்டுமே! கடவுள் செயல் என்று தீர்ப்பானது. கடவுள் எழுந்து வந்து மறுப்புச் சொல்லவா போகிறார்?

கூடை விற்கிறவன் ஒருவன் அடையாளம் சொன்னதில் செத்தவன் பெயர் ரூபன் என்று தெரிந்தது. பனி உருகியதும் அவன் தாய் டோர்காஸ் நடந்தே வந்து சேர்ந்தாள். வந்தவள் கெசியாவின் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"எம் புள்ளைய வீட்டுக்குள்ள வச்சு முகம் தொடச்சீங்களாமே தாயே. கடவுள் உங்கள நல்லா வச்சிருக்கட்டும்."

கெசியா கையை விடுவித்துக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டாள். "உக்காருங்கம்மா" என்றாள்.

"எனக்கு வேற யாருமில்ல தாயே. இங்கயே பாத்திரம் தேச்சுட்டுக் கெடக்கறேன். ஒரு வாய் கஞ்சி ஊத்துங்க, போதும்."

எந்த முகத்தோடு முடியாது என்பாள்? டோர்காஸ் தங்கிவிட்டாள். விடிந்ததும் அடுப்பைப் பற்றவைத்து, கெசியா கீழே இறங்கி வரும்போது அந்த வாழ்த்தைச் சொல்வாள். விளக்கணைக்கும்போது இன்னொரு தரம். கூடத்தில் எத்தனை பேர் இருந்தாலும் சொல்வாள். ஜேபஸ் கோப்பைக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வான். வருஷங்கள் போகப் போக, கெசியா காலையில் கீழே இறங்காமல் மாடியிலேயே நேரம் கடத்தினாள். பாவம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆனால் பனியில் கிடந்தவன் அதைவிடப் பாவம்.

கடைசியில் கெசியாவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. மூத்திரம் அள்ளியதும் முதுகு துடைத்ததும் டோர்காஸ்தான். ஒரு காலை அவள் ஓட்ஸ் கஞ்சியோடு வந்து உட்கார்ந்தபோது கெசியா குழறிக் குழறிச் சொல்லிவிட்டாள்.

"டோர்காஸம்மா... ரூபன் உயிரோட வந்தான். நாந்தான்... இடமில்லன்னு தொரத்திட்டேன்."

டோர்காஸ் கஞ்சியைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

"தெரியும். வந்த மொத வாரமே ஜேபஸ் குடிச்சுட்டு ஒளறிட்டான்."

"தெரிஞ்சுமா... இங்கயே இருந்தீங்க?"

"வேற எங்க போறது? தரும விடுதிக்கா? நீ எதுக்குப் பயந்தியோ அதுக்குத்தான் நானும் பயந்தேன்."

"அப்ப தெனமும்... என்னைய வாழ்த்தினது எதுக்கு?"

"அடிக்கக் கையில பலமில்ல. சாபம் குடுத்திருந்தா வெளிய தள்ளியிருப்ப. வாழ்த்தினா என்ன பண்ணுவ?"

கெசியாவின் நல்ல கண்ணிலிருந்து மட்டும் நீர் வழிந்தது. டோர்காஸ் இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியால் அதைத் துடைத்துவிட்டு, ஒரு கரண்டி கஞ்சியை ஊதி ஆற வைத்தாள்.

"வாயைத் தொறங்க தாயே. கடவுள் உங்கள நல்லா வச்சிருக்கட்டும்."