முழுப்பேர் பத்தொன்பது

எனக்குச் சுற்றுநிருபம் என்றாலே எரிச்சல். கொழும்பிலிருந்து வருகிற ஒவ்வொன்றும் உயர்கல்வியை அடியோடு மாற்றப்போவதாகச் சொல்லும். கடைசிப் பக்கத்தில் நாங்கள் நிரப்பி அனுப்பவேண்டிய படிவம் ஒன்று இருக்கும். அந்த வருடம் வந்த தேசிய உபாயத் திட்டத்தில் 'சர்வதேசமயமாக்கல்' என்ற சொல் பக்கத்துக்குப் பக்கம் வந்தது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து ஆய்வு செய்யவேண்டுமாம், வெளிநாட்டு மாணவர்களை வரவழைக்கவேண்டுமாம், உலகத் தரவரிசையில் ஏறவேண்டுமாம். பதுளையில் நாலு துளி மழை விழுந்தால் எங்கள் பல்கலைக்கழகப் பீடத்தில் இன்டர்நெட் படுத்துவிடும். அப்புறம் உலகத்தோடு எப்படிப் பேசுவது என்று கூட்டத்தில் கேட்டேன். இவள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கமாட்டாளா என்கிற மாதிரி பீடாதிபதி என்னைப் பார்த்தார்.

ஆனால் அதே திட்டம்தான் எனக்கும் ஒரு வழியைத் திறந்துவிட்டது. நான் அப்போது தகுதிகாண் காலத்தில் இருந்த விரிவுரையாளர். குறித்த தவணைக்குள் கலாநிதிப் பட்டம் முடிக்காவிட்டால் வேலை நிரந்தரமாகாது. அதற்குக் கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ வருடக்கணக்கில் போய்க் கிடக்கவேண்டும். அந்த நேரம் பார்த்து ஐரோப்பாவிலிருந்து ஒரு பேராசிரியை, தேயிலைத் தோட்டத்துப் பெண்களின் உடல்நலம் பற்றிச் சேர்ந்து ஆய்வு செய்யலாமா என்று கேட்டு எழுதினார். ஆய்வு எங்களுக்குக் கிடைத்தால் பதுளையில் இருந்தபடியே அவருடைய வழிகாட்டலில் என் பட்டத்தையும் முடித்துவிடலாம். முன்னோட்டமாக முதலில் நாற்பது பெண்களிடம் கேள்வி கேட்டு அனுப்பவேண்டும். அது சரியாக வந்தால் ஆய்வு இங்கே. பிழையாகிப் போனால் கொழும்புக்குப் போய்விடும், அதன் பின்னால் நானும் மூட்டை கட்டவேண்டியதுதான்.

எனக்குப் போக இஷ்டமில்லை. அதை வெளியே சொல்ல வெட்கமாக இருந்தது. வெளிநாடு என்றால் எல்லாரும் பறக்கிறார்கள், எனக்கு மட்டும் பதுளையும் அதன் மழையும் என் சின்ன வீடும் போதும் என்றிருந்தது. நான் பிறந்தது ஸ்பிரிங்வெளிப் பக்கம் ஒரு தோட்டத்தில், தொழிலாளர்களின் லயத்தில். பத்து வயதில் பதுளைக்கு விடுதியில் படிக்க வந்தவள் அப்படியே டவுன்காரி ஆகிவிட்டேன். அக்கா தோட்டத்திலேயே நின்றுவிட்டாள். இன்றைக்கும் கொழுந்துதான் எடுக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை என்றால் பஸ் ஏறி என் வீட்டுக்கு வந்துவிடுவாள். வந்ததும் வராததுமாகக் குசினியைச் சுற்றிப் பார்த்து, சட்டி கழுவியது சரியில்லை என்பாள். தங்கச்சி வெளிநாடு போகப்போகிறாள் என்று லயம் முழுக்கத் தம்பட்டம் அடித்ததும் அவள்தான். என்னைத் துரத்துவதில் இவளுக்கு என்ன இவ்வளவு அவசரம் என்று எனக்கு உள்ளுக்குள் கோபம் வரும்.

வினாக்கொத்தைத் தமிழில் எழுதியது நான். ஆள் அடையாளத்தைக் கடைசியில்தான் கேட்கவேண்டும் என்று பேராசிரியை சொல்லியிருந்தார். அதனால் முதுகு வலி, முழங்கால் வலி, அட்டைக்கடி, கொழுந்தெடுக்க எத்தனை மணிக்கு மலைக்குப் போவது, எத்தனை கிலோ எடுப்பது எல்லாம் முடிந்த பிறகு, கடைசிக் கேள்வியாக, பேச்சுவழக்கில் 'முழுப்பேர்?' என்று போட்டேன். எனக்குப் பரீட்சைத் தாள் திருத்தும் வேலை இருந்ததால், அக்காவின் தோட்டத்தில் கேள்வி கேட்கக் கொழும்பிலிருந்து இரண்டு பட்டதாரிப் பெண்கள் வந்தார்கள். அழகான தமிழ், சுறுசுறுப்பான பிள்ளைகள். இரண்டே நாளில் நாற்பதையும் முடித்துத் தந்துவிட்டுப் போனார்கள்.

திறந்து பார்த்தால், பெயர் இருக்கவேண்டிய இடத்தில் எண்கள். பத்தொன்பது, இருபத்தொன்று, பதினாறு. ஒருத்திக்குப் 'பதினாறு, மூன்று' என்று இரண்டு எண். அந்தப் பிள்ளைகளுக்குப் போன் போட்டுக் கேட்டேன். தாளில் இருந்தபடி முழுப்பேர் என்று எத்தனை தடவை கேட்டாலும் பெயரைச் சொல்லவில்லை மிஸ், நம்பரைத்தான் சொன்னார்கள், தோட்டத்துப் பதிவு நம்பராக இருக்கும் என்றார்கள். பேராசிரியைக்கு அனுப்பினேன். அன்றைக்கே பதில் வந்தது, அவருக்கு நிலைகொள்ளவில்லை. தங்களைப் பெயரால் சொல்லாமல் எண்ணால் சொல்லும் பெண்கள், இதைப் பற்றி உடனே சேர்ந்து ஒரு கட்டுரை எழுதுவோம் என்றார். எனக்கும் தலைகால் புரியவில்லை. இரண்டு நாள் உட்கார்ந்து, பெயரைப் பறிகொடுத்த பெண்கள் அது இது என்று உருகி உருகி எழுதினேன். நன்றாகத்தான் எழுதியிருந்தேன், அதுதான் கொடுமை.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்தாள். பெருமை தாங்காமல் அதை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டே வந்தவள் திடீரென்று தேங்காய் துருவுவதை விட்டுவிட்டுச் சிரிக்கத் தொடங்கினாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கூறு கெட்டவளே, முழுப்பேருன்னு கேட்டா பின்ன என்னா சொல்லுவாங்க? போன மாசம் எத்தன முழுப்பேரு விழுந்துச்சோ அதச் சொல்லிருக்காங்க. இந்தப் பதினாறுகாரி, அரைப்பேரு மூணையும் சேத்துச் சொல்லிருக்கா, பாவம்."

எனக்கு முகம் செத்துவிட்டது. தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் வேலை. சொன்ன கிலோ எடுத்தால் அன்றைக்கு முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். அம்மா வேலை விட்டு வந்து கூடையை இறக்கும்போது, இன்றைக்கு அரைப்பேர்தான் என்று சொன்னால் வீடே கப்சிப் ஆகிவிடும். அந்த வீட்டில் வளர்ந்தவள் நான். கிலோக் கணக்கு கேட்ட வாயோடு முழுப்பேர் என்று கேட்டால் வேறென்ன பதில் வரும்? கொழும்புப் பிள்ளைகளுக்குத் தெரியாதது சரி. எனக்குத் தெரியாமல் போனதுதான் சகிக்கவில்லை. அன்றைக்கு அக்கா போகும்வரை அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பிழை என்னுடையது, கோபம் மட்டும் அவள்மேல்.

திங்கட்கிழமை பீடாதிபதியிடம் போய் ஒப்புக்கொண்டேன். அவர் கதவைச் சாத்திவிட்டுச் சிங்களத்தில் மெதுவாகச் சொன்னார்: பீடத்துக்கு வரப்போகிற முதலாவது கூட்டுக் கட்டுரை இது, வருட அறிக்கையிலும் போட்டாகிவிட்டது, அந்தப் பெண்மணிக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது, பேசாமல் இரு. கெட்ட மனிதர் இல்லை அவர். ஆய்வு கைநழுவினால் நான் ஊரைவிட்டுப் போகவேண்டிவரும் என்பதையும் அவரே ஞாபகப்படுத்தினார்.

ஒரு நாள் பேசாமல்தான் இருந்தேன். பொய் சொல்வானேன், பயமாக இருந்தது. ஆனால் அந்தக் கட்டுரையைத் திரும்ப எடுத்து வாசிக்க முடியவில்லை. இருபத்தொன்று என்று சொன்னவள் யார் என்று அக்கா சிரிப்புக்கு நடுவிலேயே சொல்லியிருந்தாள்: அவளுடைய லயத்துக்காரி, தோட்டத்தில் வேலை கொடுத்த ஒரு நாளைக்கூடத் தவறவிடாமல் மலைக்குப் போனவள். அவள் பெருமையாகச் சொன்ன கணக்கை, பெயர்கூட இல்லாத அப்பாவியின் புலம்பலாக நான் மாற்றி வைத்திருந்தேன். என்மேலேயே எனக்கு வெறுப்பாக இருந்தது.

புதன்கிழமை சூமில் பேராசிரியையிடம் எல்லாவற்றையும் சொன்னேன், மொழிபெயர்த்தது நான்தான் என்பதையும். அவர் அசையாமல் இருந்தார். வழக்கம்போல இன்டர்நெட் நின்றுவிட்டது என்றே நினைத்தேன். நிற்கவில்லை. அரைப்பேர் என்றால் என்ன என்று இன்னொரு தடவை விளக்கச் சொல்லி எழுதிக்கொண்டார். கட்டுரையைக் கிழித்துப் போடலாம் என்றார். முன்னோட்டத்தை இரண்டு கிழமைக்குள் திருப்பிச் செய்து அனுப்பினால் தங்கள் குழுவின் முன் வைப்பதாகவும், குழு என்ன முடிவெடுக்கும் என்று தன்னால் சொல்லமுடியாது என்றும் நேராகவே சொன்னார்.

வேறு வழியில்லாமல் அக்காவின் காலில்தான் விழுந்தேன். அடுத்த ஞாயிறு அவள் என் வீட்டுக்கு வரவில்லை. நான் தோட்டத்துக்குப் போனேன். வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைமடுவத்தைத் திறந்து வாங்கி, நாற்பது பேரையும் அவளே கூட்டிவந்து பிள்ளைகள் உட்காரும் குட்டிக் கதிரைகளில் உட்கார்த்தி வைத்திருந்தாள். கடைசிக் கேள்வியை என்னைக் கேட்கவிடவில்லை. "அடையாள அட்டையில என்னா பேரு போட்டிருக்கு, அதச் சொல்லுங்க" என்று தானே கேட்டாள். ஒரு சிக்கலும் இல்லாமல் நாற்பது பெயரும் வந்தன. விஷயம் அதற்குள் லயம் முழுக்கப் பரவியிருந்தது. மிஸ்ஸுக்குத் தமிழ் மறந்துபோச்சாம் என்று ஆளுக்காள் என்னை ஓட்டித் தள்ளினார்கள். அந்த இருபத்தொன்றுகாரி என் கையைப் பிடித்துக்கொண்டு, போன மாதம் உங்களுக்கு எத்தனை முழுப்பேர் என்று கேட்டாள். எண்ணிப் பார்த்தேன். கூட்டம், லீவு எல்லாம் கழித்துப் பதினான்கு தேறியது. பதினாலுக்கே இந்த அலட்டலா என்றாள். அங்கே சிரித்த மாதிரி நான் பல்கலைக்கழகத்தில் ஒரு நாளும் சிரித்ததில்லை. வெறுந்தேநீரும் கருப்பட்டியும் தந்து அனுப்பினார்கள்.

மூன்று கிழமை பதில் இல்லை. அந்த நாட்களில் நான் யாரோடும் ஒழுங்காகப் பேசவில்லை. பீடாதிபதி, கொழும்புப் பல்கலைக்கழகத்துக்கு ஒரு விண்ணப்பம் போட்டு வைப்பது நல்லது என்று படிவத்தையும் எடுத்துத் தந்தார். நிரப்பினேன், அனுப்பத்தான் கை வரவில்லை. அக்கா ஞாயிறுகளில் வந்தாள். எனக்கு ஒரு பெரிய சூட்கேஸ் வேண்டும் என்று அவளே கடை கடையாக விலை கேட்டுக்கொண்டு திரிந்தாள்.

ஒரு வியாழக்கிழமை பகல், விரிவுரை முடிந்து வரும்போது மின்னஞ்சல் வந்திருந்தது. ஆய்வு பதுளையில்தான். இரண்டு தடவை வாசித்தேன். பீடாதிபதி அறைக்குப் போகாமல் படிக்கட்டிலேயே நின்று அக்காவுக்குப் போன் எடுத்தேன். அவள் மலையில் இருந்தாள். காற்றுச் சத்தத்தில் பாதிதான் கேட்டது. கத்திக் கத்திச் சொன்னேன்.

"அப்ப நீ போகலியா?" என்றாள்.

"இல்லக்கா. இங்கதான்."

காற்றுச் சத்தத்துக்கு நடுவில் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. எங்கள் அக்கா அழுது நான் பார்த்ததில்லை. அம்மாவின் சாவிலும் அவள்தான் ஓடியோடி வேலை பார்த்தாள்.

"நீ போயிருவ போயிருவன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன் புள்ள," என்றாள். "சொல்லிச் சொல்லியாச்சும் மனசு பழகிருமான்னு பாத்தேன். பழகவே இல்ல."