பழசாக்கி வாங்கிய டயர்

என் மனைவி கார்ப் பந்தயம் ஓட்டியவள் என்று சொன்னால் ஆலங்காயத்தில் இன்றும் பாதிப் பேர் நம்புவதில்லை. காவலூர்ப் பக்கம் ஓர் ஆரம்பப் பள்ளியில் ஒன்றாம் வகுப்புக்கு அ, ஆ சொல்லிக்கொடுத்தவள். பருத்திப் புடவை, தோளில் பை, பைக்குள் சோற்று டப்பா. அதே ஆள் ஞாயிற்றுக்கிழமை ஹெல்மெட் மாட்டிக்கொண்டு, பெங்களூரில் யாரோ ஓட்டி அலுத்துப்போன இரண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் காரில் உட்காருவாள் என்றால் எப்படி நம்புவார்கள்? நானே முதல் வருஷம் நம்பவில்லை.

பந்தயம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஆட்டோகிராஸ் என்று பெயர். ஒரு திடலில் ஆரஞ்சு நிறக் கூம்புகளை வளைத்து வளைத்து வைத்திருப்பார்கள். ஒரு நேரத்தில் ஒரு கார்தான். கூம்பைத் தட்டாமல் யார் சீக்கிரம் சுற்றி வருகிறார்கள் என்று பார்ப்பார்கள். ஒரு நிமிஷத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். ஜமுனாமரத்தூரைத் தாண்டி ஒரு தார்த் திடல் இருக்கிறது, சந்தைக்கென்று போட்டுச் சந்தை வராமலே போன இடம். வேலூர், வாணியம்பாடிக்காரர்கள் சிலர் சேர்ந்து அங்கே நடத்துவார்கள். ஜெயித்தவருக்கு ஒரு படி சாமை அரிசி. எங்கள் வீட்டில் சாமைப் பொங்கலுக்குக் குறைவே இருந்ததில்லை.

அவள் ஓட்டுவாள், டயர் என் இலாகா. வீடு காவலூர் மலையில் இருந்தாலும், கீழே ஆலங்காயத்தில் எரிந்துபோன மோட்டார்களுக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். எதையும் அளந்து பார்க்கிற புத்தி எனக்கு உண்டு. டயரின் பக்கவாட்டில் எழுதியிருக்குமே, 185/60, 14 என்று, அதில் முதல் எண் அகலம், கடைசி எண் ரிம்மின் அங்குலம், நடு எண் அகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு உயரம் என்பது. இந்த மூன்று எண்களை வைத்துக்கொண்டு நானும் அவளும் போட்ட சண்டையில் வேறு இருவராக இருந்தால் விவாகரத்தே ஆகியிருக்கும். எனக்கு 205/50, பதினைந்து அங்குலம் வேண்டும். அகலமான டயர் தரையை அதிகம் பிடிக்கும், இது பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். அவளுக்கு அந்த 185, பதினாலுதான் வேண்டும். இரண்டுக்கும் தனித்தனி ரிம் வீட்டில் இருந்தது.

"மார்கழிக் குளிர்ல உன் அகல டயரு சூடேறறதுக்குள்ள என் ஓட்டமே முடிஞ்சிப் போவுது. சூடேறாத டயரு எங்க புடிக்கும்?" என்பாள்.

ஓட்டம் முடிந்து கார் வந்து நின்றதும் நான் குனிந்து முன்டயரில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பது வழக்கம். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "இன்னா, சுடுதா?" என்று கேட்பாள். அகல டயர் போட்ட நாட்களில் அது வெதுவெதுப்பாகக்கூட இருக்காது. நான் விட்டுக்கொடுக்காமல், "லேசா சுடுது" என்பேன். அவள் நம்பியதே இல்லை. இந்த வழக்கு தீராமலே இருந்தது, தீர வேண்டும் என்று இருவருக்கும் அவசரமும் இல்லை.

ஆடியில் காய்ச்சல் என்று படுத்தாள். வேலூர் ஆஸ்பத்திரியில் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தார்கள். ஆம்புலன்ஸில் திருப்பிக் கொண்டுவந்தோம். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத என்னிடம் ஒன்றும் இல்லை.

எனக்கு அழுகை வரவில்லை. காரியம் நடந்த நாளில் வந்தவர்கள் என் முகத்தையே பார்த்தார்கள், நான் பந்தலில் எத்தனை குழல் விளக்கு எரியவில்லை என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு கடையைத் திறந்தேன். காயில் கட்டினேன். சாப்பிட்டேன், உப்பு இருந்ததா இல்லையா என்று கேட்டால் தெரியாது. எதைக் கேட்டாலும் "பாக்கலாம்" என்ற ஒரே பதிலை வைத்துக்கொண்டு மாதங்களை ஓட்டினேன். அடிவாரத்திலிருந்து என்னைப் பார்க்க வந்த அக்கா, "இன்னாடா இது, இடிச்ச புளியாட்டம் குந்தினு கீற?" என்றாள். அதற்கும் "பாக்கலாம்" என்றேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

எங்களுக்கு ஒரே மகள், வேலூரில் கல்லூரியில் படிக்கிறாள். அந்தத் தார்த் திடலில் அம்மாவிடம் கார் ஓட்டக் கற்றவள். கார்த்திகை தீபம் முடிந்த வாரம் போன் செய்தாள்.

"அப்பா, மார்கழிப் பந்தயத்துக்கு அம்மா பேரு இருந்த எடத்துல என் பேரைக் குடுத்திருக்கேன். இருக்கற டயரு மொட்டையாயிடுச்சி. எந்த சைஸுன்னு நீதான் சொல்லணும்."

"பாக்கலாம்மா."

மறுநாளும் கேட்டாள். அடுத்த நாளும் கேட்டாள். ஒரு வாரம் போன பிறகு அவள் குரல் தணிந்துவிட்டது. கத்தியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"நீ சொல்லலன்னா நான் ஓட்டலப்பா. காரை யாருக்காவது குடுத்துடு. அம்மாவும் இல்ல, நீயும் இல்ல. நான் மட்டும் அதை வெச்சிக்கினு இன்னா பண்ணப் போறேன்?"

அவளுக்கு வேண்டியது டயர் இல்லை என்று எனக்குத் தெரிந்தது. அம்மாவை இழந்தவளுக்கு, உயிரோடு இருக்கும் அப்பாவையாவது மீட்க முடியுமா என்று பார்க்கிறாள். நன்றாகவே தெரிந்தது. ஆனால் தெரிவது வேறு, உறைப்பது வேறு. காரமே தெரியாத நாக்கில் மிளகாயை வைத்த மாதிரி நான் போனைப் பிடித்துக்கொண்டிருந்தேன். "நாளைக்கே டயர்க்கடைக்குப் போறேன்" என்று மட்டும் சொன்னேன்.

நாளைக்குப் போவதற்குள் அக்காவுக்குச் செய்தி போய்விட்டது. "மொத வருஷத் தெவசம் முடியற வரைக்கும் வூட்டுக்குப் புதுசு எதுவும் வாங்கக் கூடாதுடா. துணி கெடயாது, பண்டம் கெடயாது. மலையும் ஏறக் கூடாது" என்று போனில் பட்டியல் போட்டாள்.

"நான் குடியிருக்கறதே மலையிலதானேக்கா."

"அது சாமி மலைக்குச் சொன்னது. வாயி மட்டும் நல்லா வருது உனக்கு. புது டயரு வாங்கக் கூடாது, அவ்ளோதான்."

இந்தச் சம்பிரதாயங்களில் எனக்குப் பெரிய பற்று கிடையாது. ஆனால் எதிர்த்துப் பேச, நம்புவதற்கு வேண்டியதை விட அதிகத் தெம்பு வேண்டும், அது என்னிடம் இல்லை. பழைய டயர் வாங்கலாம் என்றால், பாதி தேய்ந்ததைப் பெண்பிள்ளைக்கு மாட்டிக்கொடுக்க மனம் இடம் தராது. இந்த இடியாப்பச் சிக்கலோடுதான் ஆலங்காயம் டயர்க்கடைக்குப் போய் நின்றேன்.

கடைக்காரர் என்னைவிட மூத்தவர், அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். என் மனைவிக்கும் எனக்கும் அவர் கடை வாசலில் நடந்த டயர்ச் சண்டைகளுக்கெல்லாம் அவரே சாட்சி. நான் சொன்னதைக் கேட்டுவிட்டுச் சிரிக்கவில்லை, கன்னத்தைச் சொறிந்தபடி யோசித்தார்.

"எங்கம்மா தவறிப் போன வருஷம் நாங்களும் இப்படித்தாங்க முழிச்சோம். எங்க வூட்டு குக்கரு வெடிச்சிப் போச்சி. புதுசு வாங்கக் கூடாதுன்னாங்க. பக்கத்து வூட்டம்மா புதுசா ஒண்ணு வாங்கி, அவங்க வூட்டுல ரெண்டு வாட்டி சோறாக்கிட்டு, பழசுன்னு எங்களுக்குக் குடுத்தாங்க. யாரும் ஒண்ணும் சொல்லல."

"டயருக்கு இன்னாண்ணே பண்றது?"

"அதேதாங்க. புது டயரை என் கார்ல மாட்டிக்கிறேன். வாரச் சந்தைக்கு ஜமுனாமரத்தூரு போய்ட்டு வர்றேன். மலைப்பாதையில ரெண்டு வாட்டி ஏறி எறங்கினா பழசு ஆய்டும். அப்புறம் கழட்டி உங்களுக்குக் குடுக்கறேன். உங்க அக்கா கேட்டா இன்னொருத்தர் ஓட்டுன டயருன்னு சொல்லுங்க. பொய்யா அது?"

பொய் இல்லை. ஆலங்காயத்தைத் தவிர வேறு எங்கும் இப்படி ஒரு வழியைச் சட்டென்று எடுத்துக் கொடுத்திருக்க மாட்டார்கள். எனக்கும் ஒன்று நினைவு வந்தது. புது டயரின் மேல் பளபளவென்று ஒரு வழுவழுப்பு இருக்கும், அது தேய்ந்தால்தான் தரையைப் பிடிக்கும் என்று என் மனைவி பந்தயத்துக்கு முன் மலைப்பாதையில் காரை ஏற்றி இறக்குவாள். அக்காவின் சாஸ்திரமும் அவள் சாஸ்திரமும் ஒரே இடத்தில் வந்து நின்றன. அவள் உயிரோடு இருந்த வரை இருவரும் ஒருநாளும் ஒத்துப்போனதில்லை.

"அப்ப 205, பதினஞ்சு அங்குலம் நாலு எடுத்துடுங்கண்ணே" என்றேன். அந்த நிலையிலும் என் கட்சியை நான் விடவில்லை, பாருங்கள்.

கடைக்காரர் தன் காரைத் திரும்பிப் பார்த்தார். பழைய கார், சின்னச் சக்கரம்.

"பதினஞ்சு என் ரிம்முல எங்கங்க ஏறும்? என்னுது பதினாலுதான்."

அவர் கடையில் பதினாலில் தேறியது ஒரே அளவு, 185/60. ஆக டயரை நான் தேர்ந்தெடுக்கவில்லை, துக்கம் காக்கும் வீட்டுச் சட்டம் தேர்ந்தெடுத்தது. வழக்கு அவள் பக்கம் தீர்ந்துவிட்டது. ஜெயித்ததைச் சொல்லிக் காட்ட அவள் இல்லை. சிரிப்பு வர வேண்டிய இடம் இது என்று தெரிந்தது, வாய் அசையவில்லை.

அடுத்த வாரம் காரை ஓட்டிக்கொண்டு போனேன். மொட்டை டயர்களைக் கழற்றினார். முன்பக்கத்து இடது டயரின் ஓரத்தில் சாக்பீஸ் கோடுகள் இருந்தன. ஓட்டத்துக்கு முன் நான் போடுவது. டயர் எவ்வளவு மடங்குகிறது என்பது கோடு எதுவரை அழிந்திருக்கிறது என்று பார்த்தால் தெரியும். பள்ளிக்கூடத்தில் மிஞ்சும் சாக்பீஸ் துண்டுகளை இதற்கென்றே அவள் கொண்டுவருவாள். கொட்டகையிலேயே கார் நின்றிருந்ததால் அவளுடைய கடைசி ஓட்டத்தின் கோடு அப்படியே இருந்தது, பாதி அழிந்தும் பாதி அழியாமலும். கடைக்காரர் வழக்கம்போல் சோப்புத் தண்ணீரை ஊற்றி டயரை ரிம்மிலிருந்து பிரித்தார். கோடு கரைந்து தரையில் வெள்ளையாக ஓடியது. ஏதாவது தோன்றும் என்று காத்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் தோன்றவில்லை. காற்று எவ்வளவு பிடிக்கட்டும் என்று அவர் கேட்டார், சொன்னேன்.

பழசாகிவிட்ட புது டயர்களின் பள்ளத்தில் எலுமிச்சை விதைகள் ஒட்டியிருந்தன. "புது டயருக்கு எலுமிச்சை நசுக்காம எப்படிங்க எடுக்கறது?" என்றார் கடைக்காரர். அக்காவுக்குப் போன் செய்தேன். "இன்னொருத்தர் ஓட்டுனதா? அப்ப சரி" என்றாள். அவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்வாள் என்று நான் நினைக்கவில்லை.

பந்தயத்தன்று திடலில் நல்ல குளிர். பனி விலகியும் விலகாமலும் இருந்தது. பலர் வந்து என் கையைப் பிடித்துவிட்டுப் போனார்கள். அவர்கள் கையின் குளிர்ச்சிகூட எனக்குப் பெரிதாக எட்டவில்லை. மகள் அம்மாவின் ஹெல்மெட்டைப் போட்டிருந்தாள். நான் குனிந்து டயர் ஓரத்தில் கோடு போட்டேன். எங்கள் வீட்டு அலமாரியில் இருந்த கடைசித் துண்டு சாக்பீஸ் அது.

கொடி இறங்கியது. முதல் வளைவிலேயே ஒரு கூம்பைத் தட்டினாள். அம்மா தட்டவே மாட்டாள். அதன் பிறகு தட்டவில்லை. எதிர் மூலையில் கார் வளைந்தபோது டயர் கீச்சிட்டது. குளிர்காலத்தில் என் அகல டயர்களிடமிருந்து ஒருநாளும் கேட்காத சத்தம். ஒரு நிமிஷத்துக்குள் எல்லாம் முடிந்து, கார் வந்து என் முன்னால் நின்றது.

பழக்க தோஷம். குனிந்து முன்டயரில் உள்ளங்கையை வைத்தேன்.

ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள். "இன்னாப்பா, சுடுதா?"

சுட்டது. நன்றாகவே சுட்டது. கையை எடுக்க வேண்டிய சூடு, நான் எடுக்கவில்லை. "பாக்கலாம்" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"சுடுதும்மா" என்று வந்தது. "உங்கம்மா சொன்னதுதான் சரி."

ஆடியிலிருந்து வராதது அந்தத் தார்த் தரையில், வாணியம்பாடிக்காரர்கள் முன்னால், நான் குந்தியிருந்தபடியே வந்தது. மகள் என்ஜினை அணைத்துவிட்டு இறங்கி வந்து, என் கையை டயரிலிருந்து பிரித்தெடுத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அவள் விரல்கள் ஜில்லென்று இருந்தன.