மீட்டரம்மாவின் மழை ஜாக்கெட்

இந்த ஊர்க் குளிர்காலத்தைக் குளிர்காலம் என்று சொல்வது சும்மா ஒரு பேச்சுக்குத்தான். பனி கிடையாது, பல் கிட்டிப்போகிற நடுக்கமும் கிடையாது. காலையில் ஆரம்பிக்கிற தூறல் மத்தியானம் கொஞ்சம் யோசிக்கும், சாயங்காலம் மறுபடி பிடித்துக்கொள்ளும். கொட்டித் தீர்த்துவிட்டுப் போகிற மழையாக இருந்தாலாவது ஒரு மரியாதை உண்டு. இது வந்த விருந்தாளி கிளம்பாமல் உட்கார்ந்திருப்பது மாதிரி மாசக்கணக்கில் இருக்கும். துவைத்த துணி காயாது, சுவர் வியர்க்கும், அலமாரிக்குள் வைத்த தோல் செருப்பில் பூஞ்சை பிடிக்கும். நான் சலவைக்கடையில் வேலை பார்க்கிறவள். ஈரத்தைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

இந்த மழையில்தான் என் அக்கா தன் ஆயுசில் பாதியை நடந்து தீர்த்தாள். தண்ணீர் மீட்டர் பார்க்கிற வேலை அவளுக்கு. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் தரையோடு தரையாக ஓர் இரும்பு மூடி இருக்கும். கொக்கி போட்டு அதைத் தூக்கி, உள்ளே தேங்கிக் கிடக்கும் தண்ணீரை டப்பாவால் இறைத்து ஊற்றி, முட்டி போட்டுக் குனிந்து, மீட்டர் கண்ணாடியைத் துணியால் துடைத்து எண்ணைப் பார்க்க வேண்டும். பிறகு எழுந்து அடுத்த வீடு. தெருப் பிள்ளைகள் அவளுக்கு மீட்டரம்மா என்று பேர் வைத்தார்கள். கடைசியில் பெரியவர்களுக்கும் அதுவே வாய்க்கு வந்துவிட்டது. யார் வீட்டில் குழாய் கசிகிறது, யார் வீட்டில் ஒரு மாசமாக ஆளே இல்லை என்பதெல்லாம் மீட்டரைப் பார்த்தே அவளுக்குத் தெரிந்துவிடும். ஆனால் வெளியே மூச்சு விடமாட்டாள். நானும் எத்தனையோ தடவை வாயைக் கிண்டிப் பார்த்திருக்கிறேன், ஒன்றும் பெயராது.

அத்தான் லிஃப்ட் மெக்கானிக். நல்ல மனுஷர், ஆனால் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்பவர். எந்தப் பொருளைப் பார்த்தாலும் இது எத்தனை வருஷம் தாங்கும் என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. கடைசிக் கேள்வியும் அதுதான். அழகு, விலை, தேவை எல்லாம் அதற்கு அப்புறம். அவர் வாங்கிய குடையை விரிக்கத் தனியாக ஓர் ஆள் வேண்டும். அவர் வீட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவதற்குள் வந்தவருக்குக் களைப்பு வந்துவிடும். கல்யாணத்துக்கு முன்னால் தன்னைப் பற்றியும் யாரிடமாவது இதைத்தான் விசாரித்திருப்பார் என்று அக்கா சொல்லிச் சிரிப்பாள். அவரும் கூடச் சிரிப்பார். பிள்ளைகள் இல்லாத வீடு, இரண்டு பேரும் ஒருவரையொருவர் கேலி செய்தே பொழுதைப் போக்கினார்கள்.

போன வருஷம் அக்காவுக்கு இருமல் வந்தது. மழையில் நனைகிறவளுக்கு இருமல் வராமல் என்ன செய்யும் என்று எல்லோரும் இருந்துவிட்டோம். சோதித்துப் பார்த்தபோது நுரையீரலில் புற்று, எலும்பிலும் இறங்கியிருந்தது. மருந்து ஏற்றினார்கள். முடி போனது, உடம்பு போனது, நோய் மட்டும் போகவில்லை. மழைக்காலம் தொடங்கும்போது டாக்டரம்மா எங்கள் மூன்று பேரையும் உட்கார வைத்து, இனி வலிக்கு மட்டும்தான் மருந்து, அடுத்த குளிர்காலத்தைப் பற்றி யோசிக்க வேண்டாம் என்று மெதுவாகச் சொன்னார். அக்கா தலையை ஆட்டினாள். நான் அழுதேன். அத்தான் எழுந்து வெளியே வந்து, இந்த ஆஸ்பத்திரி லிஃப்டில் ஏதோ சத்தம் வருகிறது, யாரும் பார்ப்பதில்லை போலிருக்கிறது என்றார். அவ்வளவுதான்.

அன்றிலிருந்து அந்தப் பேச்சையே எடுக்க விடமாட்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அதை நான் கண்ணால் பார்த்தேன். வெயில் வரட்டும், வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கலாம் என்பார். உனக்கு ஓய்வுகாலம் வந்ததும் கடற்கரைப் பக்கம் போய் ஒரு வாரம் தங்கலாம் என்பார். அக்கா தொண்டையைச் செருமிக்கொண்டு பேச ஆரம்பித்தால், கதவுக் கீல் சத்தம் போடுகிறது என்று எண்ணெய்ப் புட்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவார். அந்த வீட்டுக் கதவுகளைப்போல எண்ணெய் குடித்த கதவுகள் உலகத்திலேயே இருக்காது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஒரு நாள் அவரை நிற்க வைத்துக் கேட்டே விடுகிறேன் என்று கிளம்பினேன். அக்கா கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

“நீ கேக்காதடி. அவரா சொல்லணும். ஒரு தடவை ஆமான்னு சொல்லிட்டா போதும் எனக்கு. பக்கத்துல படுத்திருக்கற மனுஷனுக்குத் தெரியாம எத்தனை நாள்தான் தலையணைக்குள்ள மூஞ்ச வெச்சு அழுறது?”

அவளுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். மற்றதையெல்லாம் விட்டுவிட்டாள்.

வேலையை மட்டும் விடவில்லை. அலுவலகத்தில் இரக்கப்பட்டு வீட்டுக்குப் பக்கத்திலேயே இரண்டு தெருக்களை ஒதுக்கிக் கொடுத்திருந்தார்கள். மூடி தூக்க ஓர் ஆளும் கூட வந்தான். வீட்டில் உட்கார்ந்தால்தான் நோயாளி ஆகிவிடுவேன் என்றாள் அக்கா. டாக்டரம்மாவும், போகட்டும், நனையாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். அவளுடைய பழைய மழை ஜாக்கெட்டோ உள்பக்கப் பூச்சு செதில் செதிலாக உரிந்து, கழற்றும்போதெல்லாம் ஸ்வெட்டர் முழுக்க வெள்ளையாக உதிர்த்துக்கொண்டிருந்தது. தண்ணீரும் தாராளமாக உள்ளே வந்தது. புதிதாக ஒன்று வாங்குவதென்று முடிவானது. ஜாக்கெட் விஷயத்தில் என்னை நம்பலாம் என்று என்னையும் அழைத்துப் போனார்கள்.

இந்த மாதிரி ஊரில் ஜாக்கெட் வாங்க வருகிறவர்கள் எல்லோரும் செய்கிற தப்பு ஒன்று இருக்கிறது. குளிர்காலம் என்ற பேரைக் கேட்டதும் மெத்தை மாதிரி பஞ்சு அடைத்ததாகப் பார்த்து வாங்குவார்கள். நாலு தெரு நடந்தால் உள்ளே வியர்த்துக் கொட்டும், வெளியே மழை நனைக்கும், நடுவில் பஞ்சு ஊறிக் கட்டி கட்டியாகக் கீழே இறங்கும். அப்புறம் என் கடைக்குத்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். குளிர் இல்லாத ஈரத்துக்கு மெல்லிசான மேல்சட்டைதான் சரி. உள்ளே ஒரு ஸ்வெட்டர் போடுகிற அளவுக்குத் தளர்வு வேண்டும், தையல் மேல் தண்ணீர் புகாதபடி பட்டை ஒட்டியிருக்க வேண்டும், அக்குளில் காற்றுக்கு ஒரு ஜிப் வேண்டும். தலையைத் திருப்பினால் தொப்பியும் கூடத் திரும்ப வேண்டும், இல்லாவிட்டால் பக்கத்தில் வருகிற வண்டி தெரியாது. இதையெல்லாம் நான் கடைப்பெண்ணிடம் ஒரே மூச்சில் சொல்ல, பாவம், அந்தப் பெண் என்னை ஏதோ சோதனைக்கு வந்த அதிகாரி மாதிரி பார்த்தாள்.

ஆனால் அக்காவுக்குத் தனியாக ஒரு சோதனை உண்டு. ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, கடை நடுவிலேயே, மீட்டர் பார்ப்பதுபோல முட்டி போட்டுக் குனிவாள். பின்பக்கம் மேலே ஏறி இடுப்பு தெரிந்தால் அது உதவாது. முதுகில் தண்ணீர் இறங்கும். கண்ணாடியில் தன்னை அழகு பார்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள் விலகி நின்று வேடிக்கை பார்த்தார். சாம்பல் நிறத்தில் ஒன்று சரியாக வந்தது. காகிதம் மாதிரி லேசு. அக்கா குனிந்தாள், ரேக்கைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள், எனக்குப் பிடித்திருக்கிறது என்றாள்.

கடைப்பெண் நல்ல பெண், உள்ளதைச் சொன்னாள். தண்ணீர் துளிகூட உள்ளே போகாது, ஆனால் மேல் பூச்சு ஒரு குளிர்காலத்துக்குத்தான் வரும், அடுத்த வருஷம் ஒழுக ஆரம்பிக்கும் என்றாள்.

அது போதும் என்று அக்கா சொல்லி வாய் மூடவில்லை, அத்தானைக் காணோம். கடையின் அந்தக் கோடியிலிருந்து ஒன்றைத் தோளில் போட்டுச் சுமந்துகொண்டு வந்தார். மெழுகு ஏற்றிய தடித்த கேன்வாஸ் துணி, பித்தளைக் கொக்கிகள், உள்ளே கம்பளித் துணி. மீன்பிடிக் கப்பலில் ஏறுகிற ஆட்களுக்குச் செய்தது போலிருந்தது. பத்து வருஷம் உத்தரவாதமாம். அந்த அட்டையை அக்காவிடம் காட்டினார்.

“ஒரு வருஷத்துல ஒழுகுறத வாங்கி என்ன பண்றது? வருஷா வருஷம் இங்க வந்து நிக்கப் போறியா?”

அக்கா அவரையே பார்த்தாள். “அடுத்த வருஷம் அத யாருங்க போடப் போறாங்க?”

கடைப்பெண் கையிலிருந்த ஹாங்கரைப் பார்த்துக்கொண்டாள். இப்போதாவது சொல்லித் தொலையுங்கள் என்று நான் மனசுக்குள் கத்தினேன். அவர் காதில் விழாதவர் மாதிரி கொக்கிகளை ஒவ்வொன்றாகத் திறந்து, போட்டுப் பார் என்று பிடித்துக்கொண்டு நின்றார். கல்லில் நார் உரிக்கலாம், அந்த மனுஷனிடம் ஒரு வார்த்தை வாங்க முடியாது.

அக்காவுக்கு அவர் மனசைக் கெடுக்க விருப்பமில்லை. கையை நுழைத்தாள். அந்தக் கனத்தில் இரண்டு தோளும் அப்படியே இறங்கின. கழுத்து மட்டும் மேலே தெரிந்தது. நன்றாக இருக்கிறது என்று அத்தான் சொன்னார், காலரை நிமிர்த்தி விட்டார். பழக்கதோஷம், அக்கா முட்டி போட்டுக் குனிந்தாள். பின்பக்கம் ஏறவில்லை. அந்த வகையில் நல்ல ஜாக்கெட்தான்.

எழுந்திருக்கத்தான் முடியவில்லை. ஒரு கையைத் தரையில் ஊன்றிப் பார்த்தாள். இரண்டு கையையும் ஊன்றினாள். பிறகு அப்படியே நாலு காலில் நின்றுகொண்டு, தலை குனிந்தபடி, மூச்சு வாங்கச் சிரித்தாள். யாரையும் கூப்பிடவில்லை. நான் ஓடுவதற்குள் அத்தான் குனிந்து அவளுடைய அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார்.

ஒரே இழுப்பில் தூக்கிவிட்டார். அவரே எதிர்பார்க்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது. அத்தனை கனத்த ஜாக்கெட்டோடு சேர்த்துத் தூக்கியும் அவள் ஒரு சின்னப் பிள்ளையின் எடைகூட இல்லை. கீழே விடாமல் கொஞ்ச நேரம் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு அவளை நிற்க வைத்து, கொக்கிகளை அவரே கழற்றினார். ஒரு கொக்கி சிக்கிக்கொண்டது, நிதானமாக எடுத்தார். ஜாக்கெட்டைக் கொண்டுபோய் எடுத்த இடத்திலேயே மாட்டிவிட்டு வந்தார். ரேக்கில் கிடந்த சாம்பல் நிற ஜாக்கெட்டை எடுத்து மடித்துக் கடைப்பெண்ணிடம் நீட்டினார்.

“இதுக்கே பில் போடும்மா. இந்த வருஷத்துக்கு இது போதும்.”

சொல்லிவிட்டு யார் முகத்தையும் பார்க்காமல் பில் போடுகிற இடத்துக்குப் போய் நின்றார்.

அப்பாடா என்றிருந்தது எனக்கு. இத்தனை மாசம் அவள் தவம் கிடந்தது இதற்குத்தானே. கேட்டியாக்கா, சொல்லிட்டார் என்று அவள் காதோரம் சொல்லித் திரும்பினேன். அக்காவின் முகத்தில் ரத்தமே இல்லை. டாக்டரம்மா சொன்னபோதுகூட அவள் அப்படி ஆகவில்லை.

“அவர ஏன்டி சொல்ல வெச்சேன்?” என்றாள். “அவர் ஒருத்தர்தானே நான் இருப்பேன்னு நெனச்சிட்டிருந்தார்.”

பிடிக்கப் போன என் கையைத் தள்ளிவிட்டு, ரேக்குகளைப் பிடித்துப் பிடித்து அவரிடம் போனாள். சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

“இது வேணாங்க. அதையே வாங்குங்க. பத்து வருஷம் வரும்னீங்களே, அது.”

அத்தான் திரும்பினார். பில்லை அடிக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் கடைப்பெண் நின்றாள்.

“அத உன்னால சுமக்க முடியாதும்மா” என்றார்.

“முடியும். வாங்குங்க.”

அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார். அக்கா அவர் நெஞ்சில் முகத்தை வைத்து வாய்விட்டு அழுதாள். அத்தானும் அழுதார், அத்தனை பேர் பார்க்க, கையால்கூட முகத்தை மறைத்துக்கொள்ளவில்லை. நான் போய் அந்தச் சாம்பல் நிற ஜாக்கெட்டை வாங்கிக்கொண்டேன்.