திரும்பி வந்த மெயில்

இரண்டு வருடம் இருக்கும். திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மருத்துவப் பரிசோதனை நிலையத்தில் கம்ப்யூட்டர்களையும் மெயில் சர்வரையும் கவனித்துக்கொள்கிறேன். அந்த வாரம் குப்பை மெயில்கள் குவிந்ததால், சந்தேகத்துக்குரிய இடங்களிலிருந்து வருவதை மறுக்கும்படி சர்வரில் சில சோதனைகளைச் சேர்த்திருந்தேன். குப்பை நின்றதில் எனக்குப் பரம திருப்தி.

ஒரு நாள் காலை எங்கள் டாக்டர் அம்மா ஸ்ரீரங்கத்திலிருந்து போன் செய்தார். மகளுக்குப் பிரசவம் என்பதால் அன்று வீட்டிலிருந்தே வேலை பார்த்தார்.

"ரிப்போர்ட் போக மாட்டேங்குதுங்க. பாஸ்வேர்டை ஏத்துக்குது, அனுப்பினா மறுக்குது."

சாதாரண ரிப்போர்ட் இல்லை. வெளியூர் ஆஸ்பத்திரி ஒன்றில் புற்றுநோய் என்று நினைத்து, அன்று மதியம் ஒரு விவசாயியின் ஒரு காலையே வெட்டி எடுக்கவிருந்தார்கள். அவருடைய காலில் இருப்பது புற்றுநோய் அல்ல என்று டாக்டர் அம்மா கண்டுபிடித்திருந்தார். அறுவை டாக்டரோ வேறொரு ஆபரேஷனில் இருந்தார். போனை எடுத்த நர்ஸ், டாக்டர் அம்மாவின் நிலையத்து மெயிலிலிருந்தே எழுத்தாக வந்தால்தான் அவரிடம் காட்ட முடியும் என்று சொல்லிவிட்டாராம்.

டாக்டர் அம்மாவின் வீட்டு இன்டர்நெட் இணைப்பைத்தான் சர்வர் சந்தேகப்பட்டது. ஒரு சோதனையை எடுத்தேன். அடுத்த சோதனை மறித்தது. எல்லாவற்றையும் எடுத்துவிடலாமென்றால், கண்டவர்களும் எங்கள் சர்வர் வழியாக மெயில் அனுப்பிவிடுவார்களோ என்று பயம். இதே வேலை பார்ப்பவர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் நிலைமையை எழுதினேன்.

உடனே ஒரு பெண் அழைத்தார். பின்னால் குழந்தை அழுதது.

"கைலாசபுரத்துலேர்ந்து பேசுறேங்க. எடுத்ததைத் திரும்பப் போடுங்க. பாஸ்வேர்ட் கொடுத்து உள்ள வந்தவங்களை அனுமதிக்கிற வரி செட்டிங்ஸ்ல எங்க இருக்கு?"

"கடைசியில இருக்குங்க."

"அதை எல்லாத்துக்கும் மேல கொண்டுபோங்க. சர்வர் மேலேர்ந்து வரிசையாத்தான் பார்க்கும். அவங்க நம்ம ஆளுங்க. அந்தச் சோதனையெல்லாம் வெளியாளுங்களுக்குத்தானே?"

மாற்றினேன். லைனிலேயே காத்திருந்தார். டாக்டர் அம்மா மறுபடி அனுப்பினார். மெயில் போய்விட்டது.

"போயிடுச்சா? சரிங்க, பாப்பா அழுவுது, வச்சுடறேன்" என்றார் அந்தப் பெண். நன்றி சொல்வதற்குள் வைத்துவிட்டார்.

மதியம் அறுவை டாக்டரே டாக்டர் அம்மாவை அழைத்து, ஆபரேஷனை நிறுத்திவிட்டதாகச் சொன்னார். சில மாதம் கழித்து அந்த விவசாயி மறுபரிசோதனைக்கு எங்கள் நிலையத்துக்கே வந்தார். மாடிப்படியில் லேசாக விந்தி விந்தி, ஆனால் தன் இரண்டு கால்களால் ஏறி வந்தார். எங்களில் யாரையும் அவருக்குத் தெரியாது. லிப்ட் இல்லையா என்று சலித்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பும் சந்தோஷமுமாக இருந்தது.

அழுகிற குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு முகம் தெரியாத எனக்காக ஒருவர் நேரம் ஒதுக்கியதால்தான் அந்த விவசாயி அப்படிச் சலித்துக்கொள்ள முடிந்தது என்று நினைக்கும்போதெல்லாம், நான் பார்க்கும் வேலை மேல் எனக்கே ஒரு மரியாதை வருகிறது.